எந்தப் பூச்சியத்தில் இருந்து எண்ணுகிறோம்? இலங்கை வரைபடக் கட்டத்தின் கதை

இப்ப வரைபடம் கீறாத ஆட்கள் குறைவு. ஊர்க் கிணறுகளின் உப்புத்தன்மையைப் பதிகிற மாணவர்கள், பறவை எண்ணப் போகிறவர்கள், டெங்கு வந்த வீடுகளைக் குறிக்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், காணி விவரம் திரட்டுகிற அமைப்புகள் என்று கன பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள். கையில் ஒரு தொலைபேசியும் மடிக்கணினியில் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளும் இருந்தால் போதும். புள்ளிகளைப் போட்ட பிறகு பெரும்பாலும் அடுத்து வருவது கட்டம். இடத்தை ஒரே அளவான சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் எத்தனை புள்ளி விழுகிறது என்று எண்ணினால், எங்கே கூட, எங்கே குறைவு என்பது கண்ணுக்குத் தெரியும்.

மென்பொருளில் அந்தக் கட்டத்தைப் போடுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் அது ஒரு கேள்வி கேட்கும்: எந்த ஆள்கூற்று முறை? இலங்கை என்று தேடினால் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வந்து நிற்கும். 'கந்தவல / இலங்கை கிரிட்', இலக்கம் 5234. 'எஸ்எல்டி99 / இலங்கை கிரிட் 1999', இலக்கம் 5235. இவற்றோடு உலகத்துக்குப் பொதுவான 4326, 32644 என்ற இலக்கங்களும் இருக்கும். பலர் முதலில் கண்ணில் படுவதைத் தெரிந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த இலக்கம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்தத் தீவை யாரோ ஒரு தேவைக்காக அளந்த வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு தெரியாமல் தெரிவு செய்தால் ஒரு ஊர் நானூறு கிலோமீற்றருக்கு மேல் தள்ளிப் போகலாம், அல்லது ஒரு வீடு இருநூறு மீற்றர் தள்ளிப் போகலாம். முதலாவதைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவதுதான் ஆபத்து. அதனால் இந்தக் கட்டுரையில் கட்டம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிட்டு, அதைச் சரியாகப் போடுவது எப்படி என்பதற்கு வருகிறோம்.

அளக்க வந்த காரணம்

இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி, ஆளுநர் பிரெடரிக் நோர்த் காலத்தில் தொடங்கப்பட்டது. இன்று இயங்கும் அரச திணைக்களங்களில் மிகப் பழையது அதுதான். கண்டி இராச்சியம் அப்போது இன்னும் பிரித்தானியர் கையில் விழவில்லை. கரையோரத்தை மட்டும் வைத்திருந்த ஒரு ஆட்சி, பள்ளிக்கூடங்களுக்கோ வைத்தியசாலைகளுக்கோ திணைக்களம் அமைக்க முதலே அளவைக்கு ஒரு திணைக்களம் அமைத்தது. காணி எது, எவ்வளவு, யாருடையது என்று தெரியாமல் வரி அறவிட முடியாது.

1815இல் கண்டியும் போனது. பிறகு வந்தது கோப்பி. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் எல்லாம் எதிர்மாறாக நிரூபிக்கப்படும்வரை அரசாங்கத்துடையது என்று வைத்துக்கொண்டது. சேனைப் பயிர்ச்செய்கைக்கும் மாடு மேய்ச்சலுக்கும் மக்கள் தலைமுறையாகப் பயன்படுத்திய நிலத்துக்குக் கையில் உறுதி கிடையாது. உறுதி இல்லாத நிலம் முடிக்குரிய நிலமாகி, தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டது. விற்பதற்கு முன் அளக்க வேண்டும். மலையகத்தில் நில அளவையாளர் சங்கிலியோடு ஏறிய காரணம் இதுதான். அந்தத் தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுக்கோ, அளந்து விற்ற நிலத்தில் ஒரு துண்டும் கிடைக்கவில்லை.

இதை நாங்கள் சொல்வது கட்டத்தைத் தூக்கி எறிய அல்ல. மென்பொருளில் வெறும் கோடுகளாகத் தெரிகிற சட்டகம் ஒரு தேவைக்காகச் செய்யப்பட்டது என்பதை மனதில் வைத்தால், அதை எங்கட தேவைக்குப் பயன்படுத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று விளங்கும்.

கந்தவல என்ற பெயர்

தோட்டம் தோட்டமாக அளந்தால் ஒவ்வொன்றும் தனித்தனித் தாளில் சரியாக இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டினால் பொருந்தாது. அதற்கு முழுத் தீவையும் ஒரே வலையில் கட்ட வேண்டும். அந்த வேலை 1857இல், கப்டன் கோசெற் நில அளவைத் திணைக்களத்தின் தலைவராக இருந்தபோது தொடங்கியது.

முறை இதுதான். முதலில் சமதரையில் ஒரு கோட்டை மிகக் கவனமாக அளப்பார்கள். அந்த அடிக்கோட்டின் இரண்டு முனைகளில் இருந்தும் தூரத்து மலை உச்சி ஒன்றைப் பார்த்து, கோணத்தை மட்டும் எடுப்பார்கள். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்கள் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கத்தை அடிக்கோடாக வைத்து அடுத்த முக்கோணம். இப்படியே உச்சியிலிருந்து உச்சிக்குத் தாவித் தீவு முழுவதும் போகலாம். இலங்கையில் ஒரு அடிக்கோடு நீர்கொழும்புப் பக்கத்திலும் இன்னொன்று மட்டக்களப்பிலும் அளக்கப்பட்டது. மேற்கில் தொடங்கிய கணக்கு கிழக்கில் சரியாக வந்து சேருகிறதா என்று பார்க்க இரண்டாவது கோடு உதவும்.

கந்தவல என்பது நீர்கொழும்புக்கு அண்மையில் உள்ள அந்தத் தொடக்கப் புள்ளி. கிளிநொச்சியில் உள்ள கண்டாவளையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மென்பொருள் பட்டியலில் ஆங்கில எழுத்தில் பார்க்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும்.

கோணமும் தூரமும் மட்டும் போதாது. பூமி தட்டையும் இல்லை, சரியான உருண்டையும் இல்லை. முனைகளில் கொஞ்சம் அமுங்கிய ஒரு வடிவம். எவ்வளவு அமுங்கியது என்பதற்கு ஒரு எண் வேண்டும். இலங்கைக்கு அந்த எண் இந்தியாவில் இருந்து வந்தது. 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்ப்டன் ஒரு அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவை, அவருக்குப் பின் ஜோர்ஜ் எவரெஸ்ட்டின் கையில் வளர்ந்தது. 1830இல் எவரெஸ்ட் கணித்த பூமியின் வடிவம் 'எவரெஸ்ட் 1830' என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. கியூஜிஐஎஸ்ஸில் 5234ஐயோ 5235ஐயோ தெரிந்து விவரத்தை விரித்துப் பாருங்கள். ஆரை 6,377,276.345 மீற்றர் என்று இருக்கும். அது எவரெஸ்ட்டின் எண்.

இன்று ஜிபிஎஸ் பயன்படுத்துகிற பூமியின் மத்திய கோட்டு ஆரை 6,378,137 மீற்றர். இரண்டுக்கும் வித்தியாசம் 861 மீற்றர். எவரெஸ்ட் கணக்குத் தெரியாதவர் என்று அர்த்தம் இல்லை. இந்திய நிலப்பரப்பில் அளந்ததை வைத்து, அந்த நிலப்பரப்புக்குப் பொருந்துகிற வடிவத்தை அவர் எடுத்தார். கந்தவலயை நம்பிப் போட்ட இலங்கை வரைபடத்தில் பூமியின் மையம், உண்மையான மையத்தில் இருந்து ஏறக்குறைய 800 மீற்றர் தள்ளி இருக்கும். தீவுக்குள்ளே மட்டும் அளக்கும்வரை இதனால் யாருக்கும் ஒரு இடைஞ்சலும் இல்லை. வானத்தில் இருந்து அளக்கத் தொடங்கியபோதுதான் பிரச்சினை வெளியே வந்தது.

நூறு மைலும் இருநூறு கிலோமீற்றரும்

முக்கோண வலை இருந்தால் இடங்களுக்கு அகலாங்கும் நெட்டாங்கும் கொடுக்கலாம். ஆனால் பாகை, கலை, விகலையில் தூரம் கணக்கிடுவது கஷ்டம். களத்தில் நிற்கிறவருக்கு 'இங்கிருந்து கிழக்கே இவ்வளவு, வடக்கே இவ்வளவு' என்று நேரான எண் வேண்டும். அதற்குத்தான் கட்டம்.

கட்டத்துக்கு ஒரு பூச்சியம் தேவை. இலங்கையில் தீவின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையை மையமாக எடுத்தார்கள். ஆனால் அதையே பூச்சியமாக வைத்தால் மேற்கிலும் தெற்கிலும் உள்ள இடங்களுக்கெல்லாம் மறை எண் வரும். கொழும்பும் காலியும் யாழ்ப்பாணமும் சய எண்ணில் எழுதப்படும். பிழை விட இதைவிட நல்ல வழி இல்லை. அதனால் மலைக்கு 176,000, 176,000 யார் என்று ஆள்கூறு கொடுத்தார்கள். 176,000 யார் என்றால் சரியாக நூறு மைல். அப்படிக் கொடுத்தால் உண்மையான பூச்சியம் மலைக்கு நூறு மைல் தெற்கே, நூறு மைல் மேற்கே, கடலுக்குள் போய்விடும். தீவில் எந்த இடத்துக்கும் மறை எண் வராது. ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் வந்த 72 தாள்கள் அந்த யார், மைல் காலத்தின் வரைபடங்கள்.

1970களில் நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. கட்டமும் மாறியது. அதே மலை, அதே கந்தவல, ஆனால் இப்போது மலையின் ஆள்கூறு 200,000, 200,000 மீற்றர். 1:50,000 அளவில் வந்த 92 தாள்கள் இந்தக் கட்டத்தில் வெட்டப்பட்டவை. ஒவ்வொரு தாளும் 40 கிலோமீற்றர் அகலம், 25 கிலோமீற்றர் உயரம். பாடசாலையில் புவியியல் படித்தவர்களுக்குப் பரீட்சைத் தாளோடு இணைத்து வரும் இடவிளக்கப்படத் துண்டு ஞாபகம் இருக்கும். அதில் இருந்த கட்டம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

வானத்தில் இருந்து வந்த அளவை

ஜிபிஎஸ் அமெரிக்க இராணுவத்தின் செயற்கைக்கோள் முறை. அது பூமியின் மையத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. அதன் டேட்டம், அதாவது அளவையின் அடித்தளம், டபிள்யூஜிஎஸ் 84. பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்த அமெரிக்கா, 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்தியது. அதுவரை நூறு மீற்றர் அளவில் பிசகிய கைக்கருவிகள் ஒரே இரவில் பத்து மீற்றர் அளவுக்கு வந்தன. சாதாரண ஆட்கள் வரைபடம் கீறத் தொடங்கியதற்கு அந்த இரவு ஒரு பெரிய காரணம்.

அதற்குச் சற்று முன்பாகவே இலங்கை நில அளவைத் திணைக்களம் ஜிபிஎஸ் கொண்டு கட்டுப்பாட்டுப் புள்ளிகளை மீண்டும் அளந்தது. அதன் விளைவுதான் இலங்கை டேட்டம் 1999, சுருக்கமாக எஸ்எல்டி99. எவரெஸ்ட்டின் பூமி வடிவத்தை அவர்கள் கைவிடவில்லை. பீதுருதாலகாலையையும் கைவிடவில்லை. ஆனால் மலையின் ஆள்கூற்றை 500,000, 500,000 மீற்றர் என்று மாற்றினார்கள்.

இந்த மாற்றம் எங்களுக்கு ஒரு நல்ல வசதியைத் தருகிறது. பழைய மெட்ரிக் கட்டத்தில் தீவின் எந்த இடத்துக்கும் கிழக்கு எண் 330,000ஐத் தாண்டாது. புதிய கட்டத்தில் எந்த இடத்துக்கும் அது 360,000க்குக் கீழே வராது. அதனால் மீற்றரில் எழுதிய ஆள்கூறு ஒன்று கையில் கிடைத்தால், கிழக்கு எண்ணைப் பார்த்தே பழையதா புதியதா என்று சொல்லலாம். வடக்கு எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, இரண்டு கட்டத்திலும் பல எண்கள் ஒன்றோடொன்று மேற்படும். யாரில் எழுதிய மிகப் பழைய எண்ணாக இருந்தால் இந்த விதியும் போதாது. ஆவணத்தின் ஆண்டையும் அலகையும் பார்க்க வேண்டும்.

கணினிக்குள் கட்டம் வந்த விதம்

கட்டத்தை வைத்துத் தரவை எண்ணுகிற யோசனை கணினியோடு பிறக்கவில்லை. 1962இல் வெளிவந்த பிரித்தானியத் தாவர வரைபடநூல் நல்ல உதாரணம். முழுத் தீவையும் 10 கிலோமீற்றர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு செடியும் எந்தச் சதுரத்தில் காணப்பட்டது என்று துளையிட்ட அட்டைகளில் பதிந்தார்கள். அட்டைகளை இயந்திரம் பிரித்து, வரைபடத் தாளில் புள்ளி புள்ளியாக அச்சிட்டது. அந்த நூலுக்காகச் சதுரம் சதுரமாக நடந்தவர்களில் மிகப் பலர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவில் ஹவர்ட் பிஷர் சைமேப் என்ற நிரலை உருவாக்கத் தொடங்கினார். அது சாதாரண எழுத்துகளை மேலும் மேலும் அச்சிட்டுக் கருமை, வெளிறல் காட்டி வரைபடம் போட்டது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டம்.

எறியக் கணக்குகளை, அதாவது உருண்டையைத் தட்டையாக்குகிற கணக்குகளை, கணினிக்குள் கொண்டுவந்த புரொஜ் என்ற நிரலை 1980களில் அமெரிக்கப் புவியியல் அளவைத் திணைக்களத்தில் ஜெரால்ட் எவென்டன் எழுதினார். இன்றும் கியூஜிஐஎஸ்ஸின் அடியில் ஓடுவது அதன் வாரிசுதான். கியூஜிஐஎஸ்ஸை 2002இல் அலாஸ்காவில் கேரி ஷெர்மன் தொடங்கினார்.

சரி, 5234, 5235 என்ற இலக்கங்கள் யார் தந்தவை? அவை இபிஎஸ்ஜி இலக்கங்கள். விரித்தால் ஐரோப்பியப் பெற்றோலிய அளவைக் குழு. 1986இல் எண்ணெய்க் கம்பனிகளின் அளவையாளர்கள் சேர்ந்து அமைத்தது. கடலுக்கடியில் கிணறு தோண்டும்போது இரண்டு கம்பனிகள் இரண்டு டேட்டத்தில் பேசினால் நட்டம் கோடிக்கணக்கில் வரும். அதனால் உலகத்தில் உள்ள ஆள்கூற்று முறைகளை எல்லாம் சேர்த்து இலக்கம் போட்டு வைத்தார்கள். எல்லோரும் பயன்படுத்தக் கொடுத்தார்கள். காணி விற்க அளந்த தீவுக்கு, எண்ணெய் தோண்ட வந்தவர்கள் இலக்கம் போட்டிருக்கிறார்கள். இப்போது அந்த இலக்கத்தை ஊரில் கிணறு எண்ணுகிற பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள்.

பிசகினால் என்ன ஆகும்

யாழ்ப்பாண நகரத்தை எடுப்போம். புதிய கட்டத்தில் அது சுமார் கிழக்கு 417,000, வடக்கு 795,000. பழைய மெட்ரிக் கட்டத்தில் சுமார் கிழக்கு 117,000, வடக்கு 495,000. பழைய எண்ணை எழுதிவிட்டு மென்பொருளுக்கு 5235 என்று சொன்னால், யாழ்ப்பாணம் கன்னியாகுமரிக்குத் தெற்கே நூறு கிலோமீற்றருக்கும் மேல் தள்ளிக் கடலில் விழும். மாறிச் செய்தால் வங்காள விரிகுடாவில் விழும். இதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும், உடனே திருத்திவிடுவார்கள்.

இனி இரண்டாவது வகை. ஒரு பழைய வரைபடத்தின் ஓரத்தில் அகலாங்கு, நெட்டாங்கு எழுதியிருக்கிறது. அது கந்தவலயின் நெட்டாங்கு. கையில் உள்ள தொலைபேசி காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84இன் நெட்டாங்கு. இரண்டும் பாகைதான், இரண்டும் 81 பாகை சொச்சம்தான். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் ஒரே இடத்துக்கு இரண்டும் 200 மீற்றருக்கு மேல் வித்தியாசப்படும். அந்த வித்தியாசம் பெரும்பாலும் கிழக்கு மேற்காக.

ஒரு கணக்குப் போட்டுப் பாப்பம். மட்டக்களப்புக் கரையில் கடலுக்கு 250 மீற்றர் உள்ளே ஒரு வீடு. கரை வடக்குத் தெற்காக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுவம். தொலைபேசியின் நெட்டாங்கை மாற்றாமல் அப்படியே பழைய வரைபடத்தில் குறித்தால், வீடு சுமார் 210 மீற்றர் கிழக்கே நகரும். கடலுக்கு 40 மீற்றரில் வந்து நிற்கும். நீர்கொழும்புப் பக்கத்தில் இதே பிசகு நடந்தால் கடற்கரையோர வீடு தரைக்குள்ளே போய்விடும்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு அரசாங்கம் கரையோரத்தில் வீடு கட்டக்கூடாத வலயம் ஒன்றை அறிவித்தது ஞாபகம் இருக்கும். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பிறகு அது தளர்த்தப்பட்டது. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் தன் பழைய வளவிலேயே வீடு கட்டலாமா, கட்டக்கூடாதா என்பது அந்தக் கோட்டில்தான் தங்கியிருந்தது. இரண்டு டேட்டங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம் அந்த வலயத்தின் முழு அகலத்தையும் விடக் கூட. ஒரு பெட்டியில் தெரிவு செய்கிற ஒரு இலக்கம், வலயத்துக்கு வெளியே இருக்கிற வீட்டை உள்ளே தள்ளிவிடப் போதுமானது. கரையோரம் மட்டுமல்ல, வனப் பாதுகாப்பு எல்லை, குளத்தின் ஒதுக்கு நிலம், விடுவிக்கப்பட்ட காணியின் வேலி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கண்ணிவெடி அகற்றிய நிலத்தின் எல்லையென்றால் பத்து மீற்றர் பிசகே உயிர்ப் பிரச்சினை.

கட்டம் போடுகிற வேலை

இப்போது மென்பொருளுக்கு வருவோம். தொலைபேசியில் எடுத்த புள்ளிகள் 4326இல், அதாவது டபிள்யூஜிஎஸ் 84 பாகையில் வரும். அதே முறையில் வைத்துக்கொண்டு கட்டம் போட்டால் கட்டத்தின் அளவும் பாகையில்தான் கேட்கப்படும். ஒரு கிலோமீற்றர் என்று நினைத்து 1 என்று கொடுத்தால் 110 கிலோமீற்றர் அகலமான சதுரம் வரும். முழு இலங்கைக்கும் பத்துப் பதினைந்து சதுரம் போதும். 1000 என்று கொடுத்தால் உலகமே ஒரு சதுரத்துக்குள் அடங்கிவிடும்.

அதனால் முதலில் புள்ளிகளை 5235க்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரு அடுக்கின் இலக்கத்தை மாற்றிக் குறிப்பது வேறு, அதை வேறு முறைக்கு மாற்றிச் சேமிப்பது வேறு. முதலாவது பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுகிறது, எண்கள் அப்படியே இருக்கும். இரண்டாவதுதான் ஒவ்வொரு எண்ணையும் புதிதாகக் கணக்கிடுகிறது. எங்களுக்கு வேண்டியது இரண்டாவது. மாற்றிய பிறகு செயற்கைக்கோள் படத்தை அடியில் வைத்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சந்தியோ கோயில் வாசலோ சரியான இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். கந்தவலக்குப் பரவலாகப் பயன்படுகிற மூன்று எண் மாற்றுக் கணக்கில் சில பத்து மீற்றர் பிசகு வரலாம். பழைய தரவோடு வேலை செய்பவர்கள் இதை விட்டுவிடக்கூடாது.

பிறகு கட்டம் உருவாக்கும் கருவி. சதுரமா அறுகோணமா, பரப்பு எவ்வளவு, இடைவெளி எவ்வளவு, எந்த ஆள்கூற்று முறை என்று கேட்கும். இதில் பரப்பு என்ற பெட்டியைப் பலர் கவனிப்பதில்லை. அடுக்கின் பரப்பை எடு என்று விட்டால், மென்பொருள் உங்கள் புள்ளிகளின் ஓரத்தில் இருந்து தொடங்கும். கட்டத்தின் மூலை 417,386.24 என்ற மாதிரி ஒரு எண்ணில் விழும். அடுத்த வருடம் இன்னொரு குழு பக்கத்து ஊரில் கட்டம் போட்டால் அது வேறொரு எண்ணில் தொடங்கும். இரண்டையும் சேர்க்க முடியாது. தோட்டம் தோட்டமாக அளந்தால் ஒட்டாது என்று 1857இல் கண்ட அதே பிரச்சினை மடிக்கணினிக்குள் திரும்பி வருகிறது.

தீர்வு சின்னது. பரப்பைக் கையால் எழுதுங்கள். ஒரு கிலோமீற்றர் கட்டம் என்றால் மூலைகள் முழு ஆயிரத்தில் இருக்கட்டும்: 417,000, 793,000 என்று. அப்படிச் செய்தால் பருத்தித்துறையில் போட்ட கட்டமும் பேசாலையில் போட்ட கட்டமும் ஒரே பூச்சியத்தில் இருந்து எண்ணியவையாக இருக்கும். என்றைக்கு வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

அடுத்தது கட்டத்தின் அளவு. இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். ஒரு கிலோமீற்றர் சதுரம் என்றால் குறைந்தது அத்தனை கட்டம். நூறு மீற்றர் என்றால் 65 இலட்சத்துக்கு மேல். சின்னதாக்கினால் பெரும்பாலான கட்டம் வெறுமையாகும். பெரிதாக்கினால் வேறு பிரச்சினை வரும். ஒரு சதுரத்துக்குள் இருபது நல்ல கிணறும் மூன்று பழுதான கிணறும் இருந்தால், சராசரி எடுத்த பிறகு அந்தச் சதுரம் நல்லது என்று பச்சை நிறத்தில் தெரியும். அந்த மூன்று கிணற்றில் குடிக்கிற குடும்பங்கள் வரைபடத்தில் இல்லை. ஒரே தரவை 500 மீற்றரிலும் ஒரு கிலோமீற்றரிலும் இரண்டு கிலோமீற்றரிலும் போட்டுப் பாருங்கள். மூன்றிலும் ஒரே கதை வந்தால் நம்பலாம். கதை மாறினால் எந்த அளவில் எது மறைகிறது என்று எழுதுங்கள்.

கிராம சேவகர் பிரிவு இருக்கும்போது சதுரம் எதற்கு என்றும் கேட்கலாம். நாட்டில் 14,000க்கு மேற்பட்ட பிரிவுகள். நகரத்தில் ஒரு பிரிவு சில தெருக்கள், வன்னியில் ஒரு பிரிவு காடும் குளமுமாகப் பல சதுர கிலோமீற்றர். பிரிவுகள் பிரிக்கவும் படுகின்றன. பத்து வருட மாற்றத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மாறாத சட்டகம் தேவை, அதற்குச் சதுரம் நல்லது. ஆனால் முடிவு எடுக்கிறவரிடம் கொண்டுபோகும்போது பிரிவின் பெயர்தான் வேலை செய்யும். சதுரத்துக்கு வாக்காளர் கிடையாது, பிரதேச செயலாளர் கிடையாது. இரண்டையும் செய்து வைத்துக்கொள்வதுதான் புத்தி.

ஒரு வரி எழுதிவைப்போம்

எங்கள் ஊர்களைப் பற்றிய எண்களை நீண்ட காலம் மற்றவர்கள் எடுத்தார்கள், மற்றவர்கள் வைத்திருந்தார்கள். இப்போது எடுக்கக்கூடிய நிலை வந்திருக்கிறது. ஆனால் எடுத்த எண்கள் ஐந்து வருடத்தில் பயன் இல்லாமல் போவதற்கு மிகச் சாதாரணமான காரணம், அவை எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டவை என்று யாரும் குறிக்காததுதான். ஒரு எக்செல் தாளில் இரண்டு நிரல், எக்ஸ், வை என்று மட்டும் இருக்கும். எடுத்த ஆள் வெளிநாடு போயிருப்பார். மிச்சம் இருப்பது ஊகம்தான்.

அதனால் தரவு சேர்க்கிற எல்லா நண்பர்களிடமும் நாங்கள் கேட்பது இதுதான். ஒவ்வொரு கோப்பிலும், ஒவ்வொரு அச்சுப் படத்தின் அடியிலும் ஒரு வரி எழுதுங்கள்: ஆள்கூற்று முறையின் பெயர், அதன் இலக்கம், அளந்த கருவி, அளந்த திகதி, கட்டத்தின் அளவு, கட்டம் தொடங்கிய மூலை. தமிழிலும் எழுதுங்கள், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். யாராவது ஒருநாள் அந்தக் காணிக்காகவோ அந்தக் கிணற்றுக்காகவோ ஒரு அலுவலக மேசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டி வரும். அப்போது அவர் கையில் இருக்கிற புள்ளி எந்த இடத்தைச் சொல்கிறது என்பதில் சந்தேகம் இருக்கக்கூடாது.